தொப்பிக்குள் விழுந்த கணக்கு

கணக்குத் தணிக்கையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. கதைப் புத்தகத்தில் ஒரு தொகை கண்ணில் பட்டால் ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டுவிடுவேன். எழுத்தாளர் கூட்டலில் தவறியிருந்தால் ஒரு அற்ப சந்தோஷம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறச் சிறுகதைகளுக்குள் நான் நுழைந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். சரியாகச் சொன்னால், ஒரு தொப்பி வழியாக.

பிரெட் ஹார்ட் எழுதிய ‘தி லக் ஆஃப் ரோரிங் கேம்ப்’ கதையில் வருகிறது அந்தத் தொப்பி. ஆண்டு 1850. கலிஃபோர்னியா மலைகளுக்கு நடுவே ஒரு தங்கச் சுரங்க முகாம். நூறு ஆண்கள், ஒரே ஒரு பெண். செரோக்கி சால் என்று அவளை அழைக்கிறார்கள்; அவள் செய்த தொழில் என்ன என்பதை ஹார்ட் சுற்றி வளைத்துச் சொல்லிவிடுகிறார். அவள் ஒரு பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு இறந்துபோகிறாள். மெழுகுவர்த்திப் பெட்டியில் சிவப்புக் கம்பளித் துணியைச் சுற்றிக் குழந்தையைக் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் தொப்பி. முன்வாசலில் நுழைந்து, மேசையைச் சுற்றி, பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். அநாதைக்கு ஏதாவது கொடுக்க விரும்புகிறவர்களுக்குத் தொப்பி தோதாக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஸ்டம்பி என்பவர் அறிவிக்கிறார்.

தொப்பியில் விழுந்தவற்றை ஹார்ட் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். வெள்ளிப் புகையிலை டப்பி. டப்ளூன் என்னும் ஸ்பானியப் பொற்காசு. வெள்ளி வேலைப்பாடு செய்த கடற்படை ரிவால்வர். தங்கத் தாது ஒரு துண்டு. அழகான பூத்தையல் போட்ட பெண்கள் கைக்குட்டை. அதைப் போட்டவர் ஓக்ஹர்ஸ்ட் என்ற சூதாடி. ஒரு வைர ஊசி. அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் போட்ட வைர மோதிரம். போடும்போது, “அந்த ஊசிக்கு மேல் இரண்டு வைரம் கூட்டுகிறேன்” என்று சீட்டாட்ட மேசையில் பந்தயம் ஏற்றுவதுபோலச் சொல்கிறார். ஒரு பைபிள், போட்டது யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வெள்ளித் தேக்கரண்டி; அதில் பொறித்திருந்த முதலெழுத்துகள் கொடுத்தவருடையவை அல்ல. அறுவை மருத்துவரின் கத்தரி. பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டு. பொன்னும் வெள்ளியுமாக ஏறக்குறைய 200 டாலர் சில்லறை.

இந்தப் பட்டியலை எந்தத் தணிக்கையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வேன். முகாமில் யார் யார் இருந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், முன்பு என்ன தொழில் செய்தார்கள், யார் யாரிடம் திருடினார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து வரிக்குள் இருக்கிறது. ஒரு அறுவைக் கத்தரி அங்கே வந்து சேர்ந்த கதையைத் தனி நாவலாகவே எழுதலாம். பைபிளைப் போட்டவர் தன்னைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டதும், திருட்டுக் கரண்டியைப் போட்டவர் வெட்கப்படாததும் அந்த ஊரின் ஒழுக்கத்தை இரண்டே உருப்படிகளில் சொல்லிவிடுகின்றன.

அதற்குப் பிறகு வருவதற்குத்தான் வவுச்சர் இல்லை. குழந்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக முரடர்கள் குளிக்கிறார்கள், சட்டை மாற்றுகிறார்கள், கத்துவதை நிறுத்துகிறார்கள். கழுதைப் பாலில் பிள்ளை வளர்கிறது. கென்டக் என்ற ஆளின் விரலை அந்தப் பிஞ்சுக் கை பிடித்துவிட, அவன் ஆயுள் முழுவதும் அதே நினைப்பாகத் திரிகிறான். கடைசியில் வெள்ளம் வந்து இருவரையும் கொண்டுபோகிறது. முதல் தடவை படித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வந்தது. இரண்டும் உண்மை.

ஹார்ட் 1836-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். 1854-இல், பதினேழு வயதில் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். தங்கம் கிடைத்தது 1848 ஜனவரியில். இவர் வந்து இறங்கியபோது முதல் வெறி தணிந்துவிட்டது. 1868-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ஓவர்லேண்ட் மன்த்லி’ மாத இதழுக்கு முதல் ஆசிரியர் இவர்தான். அந்த இதழின் சின்னம் ஒரு கரடி. சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்த கரடியின் காலடியில் ஹார்ட் பென்சிலால் இரண்டு இணைகோடுகள் போட்டாராம். உடனே அது ரயில் தண்டவாளத்தின் மேல் நின்று, வரப்போகும் ரயிலைப் பார்த்து உறுமும் கரடி ஆகிவிட்டது. இதைக் கடிதத்தில் எழுதிவைத்தவர் மார்க் ட்வைன். மறு ஆண்டு, 1869 மே 10-இல், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில்பாதை முடிந்தது.

அந்த இரண்டு கோடுகளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கரடி மேற்குடையது, தண்டவாளம் கிழக்கிலிருந்து வருவது. ஹார்ட்டின் கதைகள் போய்ச் சேர்ந்ததும் அந்தத் திசையில்தான். ரோரிங் கேம்ப் கதையின் மெய்ப்பைப் பார்த்த பெண்ணே அது அசிங்கமான கதை என்று முகம் சுளித்து, அச்சகத்தார் தயங்கியதை ஹார்ட்டே பிற்பாடு எழுதியிருக்கிறார். உள்ளூரில் வரவேற்பு மந்தம். கிழக்குக் கரையில் கொண்டாடிவிட்டார்கள். பாஸ்டனின் ‘அட்லாண்டிக் மன்த்லி’யைப் பதிப்பித்தவர்கள் ஒரே ஆண்டு எழுத்துக்கு 10,000 டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். (இங்கே என் பிரதியில் இரண்டு டிக்.) 1871-இல் ஹார்ட் கலிஃபோர்னியாவை விட்டுக் கிளம்பினார், பிறகு திரும்பவே இல்லை. ஜெர்மனியில் கிரெஃபெல்ட், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று அமெரிக்கத் தூதரகப் பணி. 1902-இல் இங்கிலாந்தில் மரணம். கடைசிவரை அவர் எழுதியது கலிஃபோர்னியாச் சுரங்கக் கதைகளைத்தான். முதலைப் பெருக்காமல் வட்டியிலேயே முப்பது ஆண்டு குடித்தனம் நடத்தினார் என்பேன்.

ஆனால் அவர் ஒன்றும் தெரியாமல் எழுதியவர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. காரணம் 1860 பிப்ரவரி 26.

அன்றிரவு, வடக்குக் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாத் தீவு ஒன்றில், வருடாந்தரச் சடங்குக்காகக் கூடியிருந்த வியோட் பழங்குடி மக்களை வெள்ளைக் குடியேறிகள் கோடரியாலும் கத்தியாலும் வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அப்போது அருகிலிருந்த யூனியன் என்ற ஊரின் செய்தித்தாளில் ஹார்ட் உதவியாளர். ஆசிரியர் ஊரில் இல்லாத நேரம். பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று தலைப்பிலேயே போட்டு, கொலையைக் கண்டித்து எழுதினார். குழந்தைகளின் உடல்களை எழுத்தில் காட்டினார். கொஞ்ச நாளிலேயே அந்த ஊரை விட்டு வெளியேறி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். வயது இருபத்து மூன்று.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ரோரிங் கேம்ப் கதையை மூன்றாம் தடவை படித்தேன். முன்பு கண்ணில் படாமல் போன ஒரு வாக்கியம் அப்போதுதான் பட்டது. தபால் கொண்டுவரும் ஆள் வெளியூரில் போய் முகாமைப் பற்றி அளக்கிறான்: அந்நியர்களிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள், ஆனால் ஒரு செவ்விந்தியக் குழந்தையைக் கும்பிடுகிறார்கள் என்று. தாயின் பெயர் செரோக்கி சால்; செரோக்கி என்பது ஒரு அமெரிக்கப் பழங்குடி. பெயரிலேயே எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

செய்தித்தாளில் பழங்குடிக் குழந்தைகளின் பிணத்தை எழுதிய கை, எட்டு ஆண்டு கழித்து, நூறு வெள்ளைக்காரர்கள் ஒரு பழங்குடிக் குழந்தைக்கு முன்னால் தொப்பி கழற்றி நிற்பதாக எழுதியது. இதை மிகையுணர்ச்சி என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் முன்பு அப்படித்தான் சொன்னேன். இப்போது எனக்கு அது நடக்காததற்கு எழுதிய வரவாகத் தெரிகிறது. கணக்குப் புத்தகத்தில் இது குற்றம். கதையில் என்னவென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தத் தீவை 2004-இல் ஒரு பகுதியும் 2019-இல் தன்னிடம் இருந்த மிச்சமுமாக அருகிலுள்ள யுரேகா நகரசபை வியோட் மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

மார்க் ட்வைனிடம் இந்தச் சிக்கல் இல்லை, அவர் தவளையோடு வருகிறார். 1864-65 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் கலவெரஸ் மாவட்டத்தில் ஏஞ்சல்ஸ் கேம்ப் பக்கம் தங்கியிருந்தபோது, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் காதில் விழுந்த கதை. 1865 நவம்பர் 18-இல் நியூயார்க்கின் ‘சாட்டர்டே பிரஸ்’ பத்திரிகையில் வந்தது. ஜிம் ஸ்மைலி என்ற பந்தயப் பித்தன் தவளைக்குத் தாவப் பழக்குகிறான். அந்நியன் ஒருவன் 40 டாலர் பந்தயம் வைத்து, ஸ்மைலி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துத் தவளையின் வயிற்றில் காடை சுடும் ஈயக் குண்டுகளை அடைத்துவிடுகிறான். தவளை நகரவில்லை. அவ்வளவுதான் கதை.

இதில் எனக்குப் பிடித்தது தவளை இல்லை, சைமன் வீலர். படித்த மனிதர் ஒருவர் வந்து வேறு ஒரு ஸ்மைலியைப் பற்றி விசாரிக்கிறார். வீலர் அவரை மூலையில் உட்காரவைத்து, நாற்காலியை வழிமறித்துப் போட்டுக்கொண்டு, சிரிக்காமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் இந்தக் கதையைச் சொல்லித் தீர்க்கிறார். அதற்கு முந்தைய தலைமுறைத் தென்மேற்கு நகைச்சுவைக் கதைகளில் பேச்சுமொழி பேசுகிறவனைக் கனவான் ஒருவர் அறிமுகம் செய்துவைப்பார்; நாம் கனவானோடு உட்கார்ந்து சிரிப்போம். ட்வைன் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு உட்காரும் இடத்தை மாற்றிவிட்டார். நல்ல இலக்கணத்தில் எழுதும் கனவான்தான் இங்கே சலிப்பூட்டுகிறவர். கொச்சை பேசும் கிழவரிடம்தான் உயிர் இருக்கிறது.

அந்தக் கொச்சையை முதலில் கண்ணால் படித்தேன், பாதி புரியவில்லை. வாய்விட்டுப் படித்ததும் எல்லாம் புரிந்தது. எழுத்துக்கூட்டல் பிழைகள் என்று நான் நினைத்தவை மூச்சு எங்கே நிற்கிறது என்பதற்கான குறிகள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்தக் கதையை நல்ல, சுத்தமான பிரெஞ்சில் மொழிபெயர்த்தபோது ட்வைன் பதறிப்போய், அந்தப் பிரெஞ்சை வார்த்தைக்கு வார்த்தை மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பி அச்சிட்டுக் காட்டினார்: பாருங்கள், என் தவளையை என்ன செய்துவிட்டார்கள்! வட்டார வழக்கைத் திருத்தமான மொழியில் பெயர்ப்பதும் தவளைக்கு ஈயம் புகட்டுவதுதான். ஏஞ்சல்ஸ் கேம்ப்பில் 1928 முதல் ஆண்டுதோறும் தவளைப் போட்டி நடக்கிறது. கதையிலிருந்து ஊர் கற்றுக்கொண்ட பழக்கம்.

இந்த வகை எழுத்துக்கு அன்றைய விமர்சகர்கள் வைத்த பெயர் ‘வட்டார வண்ணம்’. வண்ணம் என்ற சொல்லே ஓவியக் கடையிலிருந்து வந்தது; மேலே பூசுவது. ஹார்ட்டிடம் அது பல இடங்களில் பூச்சுதான். அடியில் மரம் எது என்று சுரண்டிப் பார்த்தவர் ஹாம்லின் கார்லண்ட்.

கார்லண்ட் 1860-இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயிக்குப் பிறந்தவர். அப்பா மேற்கே, இன்னும் மேற்கே என்று நிலம் தேடிப் போனவர். பிள்ளை ஏர் பிடித்து வளர்ந்தது. 1884-இல் எதிர்த்திசையில் பாஸ்டனுக்குப் போனார். 1887-இல் டக்கோட்டாவுக்குத் திரும்பிவந்து தாயைப் பார்த்தபோது, ஊரில் இருந்தவரை கண்ணுக்குத் தெரியாத வறுமை தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்த கதைகள்தான் 1891-இல் ‘மெயின்-டிராவல்ட் ரோட்ஸ்’ என்ற தொகுப்பாக வந்தன. ஆறு கதைகள். ஒன்றின் தலைப்பில் அந்த வட்டாரத்தின் குறும்பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல் வருகிறது. பிரெஞ்சு வழி வந்தது, தமிழில் எழுதினால் ‘கூலி’ என்றே ஆகும். வயலில் உழைத்தும் ஒன்றும் மிஞ்சாத தம்பியைப் பற்றிய கதைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

தொகுப்பில் என் பென்சில் அதிகம் தேய்ந்த கதை ‘அண்டர் தி லயன்ஸ் பா’. ஹாஸ்கின்ஸ் என்ற விவசாயி கன்சாஸில் வெட்டுக்கிளிக்குப் பயிரையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, மனைவி மக்களோடு வண்டியில் வந்து, கவுன்சில் என்ற நல்ல மனிதரின் வீட்டில் ஒரு குளிர்கால இரவு ஒதுங்குகிறான். சாப்பிட்டுக்கொண்டே வெட்டுக்கிளிகளைப் பற்றிச் சொல்கிறான். பச்சையாக இருந்தது எல்லாவற்றையும் தின்றன. நாங்கள் செத்தால் எங்களையும் தின்னலாம் என்று சுற்றி உட்கார்ந்திருந்தன. ஆறடி நீளத்தில் கட்டில் காலில் உட்கார்ந்து தாடையை அசைப்பதாகக் கனவு வரும். கவைக்கோலின் கைப்பிடியைக்கூடத் தின்றுவிட்டன.

இந்தக் கைப்பிடியை மறந்துவிடாதீர்கள்.

கவுன்சில் சிபாரிசில் பட்லர் என்ற நில வியாபாரியின் பண்ணை குத்தகைக்குக் கிடைக்கிறது. பண்ணையின் விலை 2,500 டாலர் என்று பேச்சு. மூன்று ஆண்டுகள் ஹாஸ்கின்ஸும் மனைவியும் மாடாக உழைக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையன் பெரிய ஆளின் வேலையைச் செய்கிறான். வேலி போட்டு, தொழுவம் கட்டி, கிணறு எடுத்து, கைப்பணமும் நிறைய இறங்குகிறது. வாங்கிவிடலாம் என்று கேட்கும் நாளில் பட்லர் சொல்லும் விலை 5,500. என் உழைப்பு, என் பணம் அல்லவா என்று ஹாஸ்கின்ஸ் கேட்கிறான். ஆமாம், ஆனால் நிலம் என்னுடையது என்கிறார் பட்லர். என்னைத் திருடன் என்று நினைக்காதே, இதுதான் சட்டம், இதுதான் வழக்கம், எல்லோரும் செய்வதுதான்.

நான் பார்த்த வரையில் இந்த 3,000 டாலர் வித்தியாசம் அமெரிக்க இலக்கியத்தின் மிகச் சுத்தமான கணக்கு. கூட்டல் பிழை இல்லை, பொய் வவுச்சர் இல்லை, பட்லரைப் பிடிக்க ஒரு விதி இல்லை. தணிக்கைக்காரன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். 1862-ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கரை ஐந்து ஆண்டு உழுதவனுக்கே சொந்தமாக்கியது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் பட்லர்கள் இருந்தார்கள். நில மதிப்பின் உயர்வு உழைப்பில்லாத வரவு, அதற்குத்தான் வரி போட வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் வாதம் கார்லண்டைப் பிடித்தாட்டிய காலம் அது. இந்தக் கதையை அரசியல் கூட்டங்களிலேயே எழுந்து வாசித்திருக்கிறார். பிரசாரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பட்லர் மீன் பிடிக்கப் போகிற சுகஜீவி, கவுன்சில் வெல்லக்கட்டி. ஆமாம், கொஞ்சம் பிரசாரம்தான்.

ஆனால் அடுத்து வரும் காட்சி. ஹாஸ்கின்ஸ் கவைக்கோலைத் தூக்குகிறான், பட்லரைக் குத்திக் கொல்ல. கன்சாஸில் வெட்டுக்கிளி தின்றது எந்தக் கருவியின் கைப்பிடியையோ, அதே கருவி. ஆசிரியர் இதை எங்கும் சுட்டிக்காட்டவில்லை. நானும் பல தடவை படித்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் கணத்தில் தூரத்தில் ஒரு சிரிப்பு. அவனுடைய இரண்டு வயது மகள் வெயிலில் தலை மினுங்க, தத்தித் தத்திப் புல்லில் ஓடுகிறாள். கை தளர்கிறது.

மறுபடியும் குழந்தை. ரோரிங் கேம்ப்பில் விரலைப் பிடித்த அதே குழந்தைதான் என்று சொல்லிவிடலாம்போலத் தோன்றும். அங்கே அது நூறு பேரைக் குளிக்கவைத்தது. இங்கே ஒரு கொலையைத் தடுக்கிறது. தடுத்ததும் என்ன நடக்கிறது? கிரயப் பத்திரத்தையும் அடமானத்தையும் எழுதி அனுப்பு, இனி என் எல்லையைத் தாண்டாதே, தாண்டினால் கொன்றுவிடுவேன் என்கிறான் ஹாஸ்கின்ஸ். 5,500-க்கு ஒப்புக்கொள்கிறான். பட்லர் வண்டியேறிப் போகிறார். கதிர்க்கட்டுகளின் மேல் தலையைக் கைகளில் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறான் இவன். அன்பு கவைக்கோலை விலக்கிவிட்டு அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவைக்கிறது. ஹார்ட்டுக்கும் கார்லண்டுக்கும் நடுவே நகர்ந்த தூரத்தை எனக்குக் காட்டியது இந்த இடம்தான். இருவரும் ஒரே குழந்தையிடம்தான் போகிறார்கள், ஆனால் கார்லண்ட் பத்திரத்தைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

குடியேற்றம் எட்டிய நிலத்துக்கும் எட்டாத நிலத்துக்கும் நடுவே எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அரசே அறிவித்துவிட்டது. சரக்கு தீர்ந்த பிறகுதான் கடை களைகட்டியது. ஸ்டீஃபன் கிரேன், நியூ ஜெர்சிக்காரர், 1895-இல் செய்தியாளராக நெப்ராஸ்காவுக்கும் டெக்சாஸுக்கும் போனவர், அந்தக் கடையைத்தான் பார்த்தார். 1898-இல் வந்த ‘தி பிரைட் கம்ஸ் டு யெல்லோ ஸ்கை’ கதையில் குடித்துவிட்டு ஊரை நடுங்கவைக்கும் துப்பாக்கிக்காரன் ஸ்கிராட்சி வில்சன். அவன் போட்டிருக்கும் பழுப்புச் சிவப்புச் சட்டை நியூயார்க்கின் ஈஸ்ட் சைடில் யூதப் பெண்கள் தைத்தது. பூட்ஸ், நியூ இங்கிலாந்துச் சின்னப் பையன்கள் பனிச்சறுக்கும்போது ஆசைப்பட்டுப் போடும் மாதிரி. ஹார்ட் அனுப்பிய ரயில் திரும்பி வந்திருக்கிறது, சட்டை மூட்டையோடு.

அதே ஆண்டின் ‘தி புளூ ஹோட்டல்’ இன்னும் கொடூரம். நெப்ராஸ்காவின் ஒரு சின்ன ஊர், கண்ணைப் பறிக்கும் நீலம் பூசிய விடுதி, வெளியே பனிப்புயல். ரயிலில் இறங்கிய சுவீடன்காரன் ஒருவன், இங்கே என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று வந்ததிலிருந்தே பயப்படுகிறான். மலிவுவிலை நாவல்களைப் படித்துக் கெட்டுப்போயிருக்கிறான், எங்கும் சுடுவார்கள் குத்துவார்கள் என்று நினைக்கிறான் என்கிறார் கிழக்கத்தியப் பயணி. இது வயோமிங் இல்லையே, நெப்ராஸ்கா என்று அடித்துச் சொல்கிறான் மாடு மேய்ப்பவன். பயந்தவன் பயத்திலேயே திமிர் ஏறி, சீட்டாட்டத்தில் விடுதிக்காரரின் மகன் ஏமாற்றுவதாகக் கத்தி, சண்டை போட்டு ஜெயித்து, மதுக்கடைக்குப் போய் அமைதியான சூதாடி ஒருவரின் தொண்டையைப் பிடிக்க, அவர் கத்தியை எடுக்கிறார். ஓக்ஹர்ஸ்டின் வாரிசான இந்தச் சூதாடிக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஊரில் மரியாதையான ஆள்.

செத்துக் கிடக்கும் சுவீடன்காரனின் கண்கள், கல்லாப்பெட்டியின் மேல் இருக்கும் எழுத்துகளில் குத்திட்டு நிற்கின்றன. நீங்கள் வாங்கியதன் தொகையை இது பதிவு செய்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. வழக்கம்போல டிக் போடப் பென்சிலை எடுத்தேன். தொகை எழுதியிருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மாடு மேய்ப்பவனிடம் கிழக்கத்தியர் சொல்கிறார்: அந்தப் பையன் உண்மையிலேயே சீட்டில் ஏமாற்றினான், நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை, நாம் ஐந்து பேரும் சேர்ந்துதான் அந்த ஆளைக் கொன்றோம். சூதாடிக்கு மூன்று ஆண்டு சிறை கிடைத்திருக்கிறது. மாடு மேய்ப்பவனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. நான் ஒன்றும் செய்யவில்லையே, செய்தேனா என்று கேட்கிறான்.